அப்டேட் சேர்த்த விண்டோஸ் நிறுவல் வட்டு: எது உள்ளே, எது வெளியே

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் செய்த விண்டோஸ் 11 பென் டிரைவ் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துப் பதினைந்து கணினிகளில் புதிதாக நிறுவ வேண்டும். ஒவ்வொன்றிலும் நிறுவி முடித்த பிறகு அப்டேட் இறங்கி ஏறவே அரை நாள் போகிறது. புதிய லேப்டாப் இரண்டில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை. அதனால் அப்டேட், டிரைவர் (வன்பொருளை இயக்க விண்டோஸுக்கு உதவும் நிரல்), தேவையான மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து, வேண்டாததை எடுத்துவிட்டு, ஒரே வட்டாக ஆக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். லினக்ஸிலும் இப்படிச் செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரியும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு கேள்வியாகக் கேட்டாலும் இதில் நான்கு வேலைகள் இருக்கின்றன, நான்கும் ஒரே ரகம் இல்லை. அப்டேட் சேர்ப்பதும் டிரைவர் சேர்ப்பதும் மைக்ரோசாஃப்டே வழி சொல்லிக் கருவியும் கொடுத்திருக்கும் வேலைகள். ஒழுங்காகச் செய்தால் ஒழுங்காக வரும், அதில் சந்தேகமே வேண்டாம். மென்பொருள்களை உள்ளே வைப்பது முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். வேண்டாததை எடுப்பதில் பாதி பத்திரமானது, மீதி பாதி பின்னால் வந்து கடிக்கும். இவ்வளவையும் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: முதல் முறை டெஸ்க்டாப் வருவதற்குள் எது இருந்தே ஆக வேண்டுமோ அது மட்டும் வட்டுக்குள். மற்றதெல்லாம் வெளியே, அதே பென் டிரைவில் வேறு ஃபோல்டரில்.

கணினிகளை நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் இன்டெல், ஏஎம்டி செயலி உள்ள 64 பிட் கணினிகளில் செய்து பார்த்தது. ஆர்ம் செயலிக் கணினிகளில் நான் இதைச் செய்ததில்லை, அவற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் புழு பரவிய சமயத்தில். எக்ஸ்பி சிடியை வைத்து நிறுவி, சரி, அப்டேட் இறக்கலாம் என்று நெட் கேபிளைச் செருகினால், அப்டேட் பக்கம் திறப்பதற்குள் கணினி நிற்கப் போகிறது என்று ஒரு பெட்டி வந்து 60 வினாடியிலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் சிடி 2001-இல் வெளிவந்தது. அப்டேட் வேண்டும் என்றால் நெட்டுக்குள் போக வேண்டும், போனால் புழு காத்திருக்கிறது. அப்போதுதான் பலரும் அப்டேட்டை சிடிக்குள்ளேயே சேர்க்கக் கற்றுக்கொண்டோம். எக்ஸ்பி சிடியில் ஐ386 என்ற ஃபோல்டரில் கோப்புகள் தனித்தனியாகக் கிடக்கும். சர்வீஸ் பேக்கை 'இன்டகிரேட்' என்ற தேர்வோடு ஓட்டினால் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்துவிடும். ஸ்லிப்ஸ்ட்ரீம் என்ற பேர் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது.

2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் ஃபயர்வால் தானாகவே இயங்குவதால் அந்த அளவு அபாயம் இன்று இல்லை. விஸ்டா காலத்திலிருந்து வட்டின் அமைப்பும் மாறிவிட்டது. இப்போது விண்டோஸ் முழுவதும் 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒரே கோப்புக்குள் இமேஜாக அடைந்திருக்கிறது. ஹோம், ப்ரோ என்று எத்தனை எடிஷன் இருந்தாலும் எல்லாம் அதே கோப்புக்குள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண்ணோடு. பொதுவான கோப்புகள் ஒரு முறைதான் சேமிக்கப்படும், அதனால்தான் எடிஷன் கூடினாலும் கோப்பு அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. பக்கத்திலேயே 'பூட்.விம்' என்று இன்னொன்று. பென் டிரைவிலிருந்து கணினி எழும்போது ஓடுவது இதுதான். நிறுவல் திரை, டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடம் எல்லாம் இதற்குள் இருக்கிறது. இந்த இரண்டும் தனித்தனி விண்டோஸ்கள் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் லேப்டாப்பில் டிஸ்க் தெரியாததற்கான விடை இங்கேதான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் வேலையில் இறங்குவதற்கு முன்பு, இது தேவையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் கொடுக்கும் ஐஎஸ்ஓவை (முழு நிறுவல் வட்டும் ஒரே கோப்பாக இருப்பது) அவ்வப்போது புதுப்பிக்கிறது. உங்களிடம் இருப்பதை விடப் புதியது அங்கே இருந்தால் அதை இறக்கினாலே பாதி வேலை முடிந்தது. வெர்ஷனே மாறியிருந்தால் புது ஐஎஸ்ஓ கட்டாயம்: 22எச்2 (2022-இன் இரண்டாம் பாதி வெர்ஷன்) வட்டுக்கு மாதாந்திர அப்டேட் எத்தனை சேர்த்தாலும் அது 24எச்2 ஆகாது. எந்த நிலையிலும், வேறு யாரோ மாற்றியமைத்து எங்கேயோ ஏற்றி வைத்த ஐஎஸ்ஓவைத் தொடாதீர்கள். அதற்குள் என்ன போட்டார்கள் என்று பார்க்க உங்களுக்கு வழியே இல்லை. நீங்கள் செய்ததையும் வெளியே பகிராதீர்கள், உரிமம் அதற்கு இடம் தருவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தேவை இவ்வளவுதான்: அசல் ஐஎஸ்ஓ, 40 ஜிபியாவது காலி உள்ள ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவி. நீங்கள் வேலை செய்யும் கணினியின் விண்டோஸ், மாற்றப்போகும் இமேஜை விடப் பழையதாக இருக்கக் கூடாது. பழையதாக இருந்தால் ஏடிகே என்ற இலவசத் தொகுப்பை இறக்கி அதில் வரும் டிஸ்மைப் பயன்படுத்துங்கள். ஐஎஸ்ஓவின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். சோர்சஸ் என்ற துணை ஃபோல்டரில் 'இன்ஸ்டால்.விம்' இருக்க வேண்டும். மீடியா கிரியேஷன் டூல் வழியாகச் செய்த பென் டிரைவ் என்றால் அங்கே 'இன்ஸ்டால்.இஎஸ்டி' இருக்கும். அது இன்னும் இறுக்கமாகச் சுருக்கிய வடிவம், அதை விரித்து வைத்து மாற்ற முடியாது. டிஸ்மின் எக்ஸ்போர்ட் கட்டளையால் உங்களுக்கு வேண்டிய எடிஷனை மட்டும் விம் ஆக வெளியே எடுக்கலாம்.

நேரடியாக விம் கிடைத்திருந்தாலும் இந்த எக்ஸ்போர்ட்டை நான் விடுவதில்லை. பொதுவான ஐஎஸ்ஓவில் பத்துக்கும் மேல் எடிஷன்கள் இருக்கும். உங்கள் பதினைந்து கணினிகளுக்கும் தேவை ப்ரோ மட்டும் என்றால் அதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டை ஒவ்வொரு எடிஷனுக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பதால், எடிஷன் குறைந்தால் உங்கள் நேரமும் அதே கணக்கில் குறையும்.

அடுத்து, அப்டேட் கோப்புகள். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் உங்கள் வெர்ஷனுக்கான கடைசி மாத அப்டேட்டைத் தேடி இறக்குங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருவது அது. முன்பு வந்த மாதங்களின் திருத்தங்களும் அதற்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். 24எச்2 முதல் ஒரு புது ஏற்பாடு வந்தது. அதில் சில மாத அப்டேட்டுகள் 'செக்பாயிண்ட்' ஆக இருக்கும், அடுத்து வருபவை அதன் மேல் கட்டப்படும். 2024 செப்டம்பரின் கேபி 5043080 அப்படி ஒன்று (கேபி என்பது ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் எண்). அதனால் கேட்டலாக்கில் இறக்கும்போது ஒரு அப்டேட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் வரலாம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கடைசி அப்டேட்டின் கோப்பை மட்டும் டிஸ்முக்குக் காட்டுங்கள். தேவையான செக்பாயிண்ட்டை அது பக்கத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் வேறு எதையும் போட வேண்டாம். பல மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் டாட்நெட் தொகுப்புக்கான மாத அப்டேட் தனி, அதையும் இறக்கிக்கொள்ளுங்கள், அதற்கு வேறு ஃபோல்டர். இன்னும் பழைய விண்டோஸ்களில் சர்வீசிங் ஸ்டாக் என்ற அப்டேட்டைத் தனியாக முதலில் ஏற்ற வேண்டியிருந்தது. 2021 முதல் அது மாத அப்டேட்டோடு சேர்ந்தே வருகிறது.

காலியான ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் இமேஜை மவுண்ட் செய்யுங்கள், அதாவது விரித்து வையுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் விண்டோஸ், யூசர்ஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்று முழு சி டிரைவே விரிந்து கிடக்கும். இனி வரிசைதான் முக்கியம். மொழித் தொகுப்பு, கூடுதல் வசதிகள் எது சேர்ப்பதானாலும் அது முதலில். அதற்குப் பிறகுதான் மாத அப்டேட். மாற்றிச் செய்தால், பின்னால் சேர்த்த மொழிக் கோப்புகள் மட்டும் பழைய நிலையில் நிற்கும், மாத அப்டேட்டைத் திரும்பவும் ஏற்ற வேண்டியிருக்கும். அப்டேட் ஏறிய பிறகு, காலாவதியான பழைய கோப்புகளைக் கழிக்கும் கிளீனப் கட்டளை. டாட்நெட் 3.5 வேண்டும் என்றால் அதைக் கிளீனப்புக்கு அப்புறம் சேர்த்து, அதன் மேல் டாட்நெட் அப்டேட்டைப் போடுங்கள். 3.5-ஐ முன்னாடியே சேர்த்துவிட்டால், முடிக்காத வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கிளீனப் நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து இமேஜே கெட்டுவிட்டது என்று பயந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை, வரிசை மாறியது மட்டும்தான்.

இந்த இமேஜுக்குள் இன்னொரு இமேஜ் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ், சிஸ்டம்32, ரிகவரி என்று போனால் 'வின்ஆர்இ.விம்' இருக்கும், மறைந்த கோப்பாக. கணினி எழாமல் போனால் வரும் பழுதுநீக்கும் திரை அது. அதை வெளியே நகலெடுத்து, தனியாக மவுண்ட் செய்து, அதற்கென்று கேட்டலாக்கில் கிடைக்கும் 'சேஃப் ஓஎஸ்' அப்டேட்டைச் சேர்த்து, பழைய இடத்திலேயே திருப்பி வைக்கலாம். இதை விட்டாலும் விண்டோஸ் நிறுவப்பட்டு நன்றாகவே ஓடும். அவசரம் என்றால் இந்தப் படியைத் தள்ளிப்போடலாம், கீழே சொல்லப்போகும் படியைத் தள்ளிப்போட முடியாது.

'பூட்.விம்' கோப்பில் இரண்டு இமேஜ்கள் உண்டு. முதலாவது வெறும் வின்பிஇ என்ற குட்டி விண்டோஸ், இரண்டாவது நிறுவல் நிரல் இருப்பது. அதே மாத அப்டேட்டை இரண்டிலும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு இரண்டாவது இமேஜின் சோர்சஸ் ஃபோல்டரில் புதுப்பிக்கப்பட்ட செட்டப் நிரல் இருக்கும். அதை எடுத்து வட்டின் சோர்சஸ் ஃபோல்டரில் பழையதன் மேல் வையுங்கள். 24எச்2 முதல் 'செட்டப்ஹோஸ்ட்' கோப்பையும் அதே போல். பலரும் தவற விடுவது இதைத்தான். இரண்டு இடத்திலும் இருக்கும் செட்டப் நிரல்களின் வெர்ஷன் ஒத்துப்போகாவிட்டால் நிறுவல் நடுவில் நின்றுபோகும், திரையில் வரும் பிழைச் செய்தியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எல்லாம் முடிந்ததும் சேமித்து மூட வேண்டும். இந்த இடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு, இரண்டு மணி நேரம் ஓடி அப்டேட்டுகள் எல்லாம் ஏறிவிட்டன. மூடும் கட்டளையைக் கொடுத்தேன். எண்பது, தொண்ணூறு சதவீதம் என்று நகர்ந்துகொண்டே போய், கடைசியில் ஃபோல்டரை முழுமையாக விடுவிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. காரணம், மவுண்ட் செய்த ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்திருந்தேன், பின்னணியில் ஆன்டிவைரஸும் அதே கோப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற மவுண்ட்டை விடுவிக்கும் கட்டளைகளைப் போட்டு மீட்டெடுத்தேன், ஆனாலும் அந்த இமேஜை நம்பாமல் முதலிலிருந்து செய்தேன். அன்றிலிருந்து இரண்டு பழக்கம்: மவுண்ட் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவேன். மூடுவதற்கு முன்பு எல்லா எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களையும், அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் கட்டளை ஜன்னலையும் மூடிவிடுவேன். மூடிய பிறகு இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்தால், கழித்துவிட்ட கோப்புகள் உண்மையிலேயே வெளியேறி விம் இளைக்கும். வெறும் கிளீனப் மட்டும் செய்தால் கோப்பின் அளவு குறையாது.

இனி உங்கள் இரண்டு லேப்டாப்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேராக இல்லாமல் விஎம்டி என்ற கட்டுப்பாட்டகத்தின் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் நிறுவல் திரைக்கு இல்லாவிட்டால் டிஸ்க் பட்டியல் காலியாக நிற்கும். உங்கள் மாடல் எண்ணை நீங்கள் சொல்லவில்லை, அதனால் இது உறுதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு) விஎம்டி என்றோ ஆர்எஸ்டி என்றோ ஒரு அமைப்பு இயங்கும் நிலையில் இருந்தால் அநேகமாகக் காரணம் அதுவே. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் ஐஆர்எஸ்டி என்ற அந்த இன்டெல் டிரைவரை இறக்கி, டிரைவரின் விவரம் உள்ள .ஐஎன்எஃப் கோப்பு வெளியே தெரியும்படி விரித்து, 'பூட்.விம்' கோப்பின் இரண்டாவது இமேஜிலும் 'இன்ஸ்டால்.விம்' கோப்பிலும் சேர்க்க வேண்டும். 'பூட்.விம்' கோப்பில் இருந்தால்தான் நிறுவும்போது டிஸ்க் தெரியும், 'இன்ஸ்டால்.விம்' கோப்பில் இருந்தால்தான் நிறுவிய விண்டோஸ் எழும். நான் 'வின்ஆர்இ' கோப்பிலும் சேர்த்துவிடுவேன்.

இதே பாடத்தை விண்டோஸ் 7 நாட்களில் வேறு விதமாகப் படித்தேன். யூஎஸ்பி 3 மட்டுமே இருந்த புதிய கணினி ஒன்றில் விண்டோஸ் 7 வட்டு அழகாக எழுந்தது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரையும் வந்தது. மவுஸை அசைத்தால் அம்புக்குறி நகரவில்லை, கீபோர்டிலும் எதுவும் வேலை செய்யவில்லை. பயாஸ் இருந்தவரை வேலை செய்த கீபோர்டு, விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3 டிரைவர் இல்லாததால் அந்தத் திரை வந்ததுமே செத்துவிட்டது. 'இன்ஸ்டால்.விம்' கோப்பில் டிரைவர் சேர்த்திருந்தேன், 'பூட்.விம்' கோப்பில் சேர்க்கவில்லை.

டிரைவரில் எவ்வளவு சேர்ப்பது? டிஸ்க்கைக் காட்டுவதும் நெட்வொர்க்கை எழுப்புவதும் போதும். கிராஃபிக்ஸ், ஆடியோ, டச்பேட் எதுவும் வேண்டாம். நெட் வந்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் மற்றதை எடுத்து வந்துவிடும், அதுவும் நீங்கள் வட்டில் வைத்ததை விடப் புதியதாக. ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு கணினியிலிருந்து டிரைவர்களை எடுக்க பிஎன்பியூடில் கருவியில் எக்ஸ்போர்ட் கட்டளை இருக்கிறது. அதில் வருவதை அப்படியே மொத்தமாகத் திணிக்காமல், தேவையான இரண்டு மூன்று ஃபோல்டர்களை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

வேண்டாததை எடுப்பது பற்றி. முன்பே பொதிந்து வரும் ஸ்டோர் செயலிகளை இமேஜிலிருந்து நீக்க டிஸ்மிலேயே கட்டளை இருக்கிறது. இது அங்கீகரிக்கப்பட்ட வழி, தாராளமாகச் செய்யலாம். ஸ்டோர் செயலியை மட்டும் விட்டுவையுங்கள், அதை எடுத்துவிட்டுப் பிறகு தேடி அலைவது பெரிய தொல்லை. இதைத் தாண்டி, என்லைட், அதன் வழியில் வந்த என்டிலைட் போன்ற கருவிகள் விண்டோஸின் உள் உறுப்புகளையே வெட்டி எடுக்க உதவும். அந்தக் கருவிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. அப்டேட் சேர்க்கவும் டிரைவர் சேர்க்கவும் அவை நன்றாகவே உழைக்கும். ஆனால் ஒரு உறுப்பை வெட்டினால் ஆறு மாதம் கழித்து எந்த மாத அப்டேட் அதைத் தேடும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சில வெட்டுகள் வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் போகின்றன, சிலவற்றில் அடுத்த அப்டேட்டே ஏறாது, சிலவற்றில் அப்டேட் வந்து வெட்டியதைத் திரும்ப வைத்துவிடும். பதினைந்து கணினிகளுக்குப் பொறுப்பான நீங்கள், சில ஜிபி மிச்சத்துக்காக இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

மென்பொருள்களை உள்ளே வைக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கணினியில் ஆடிட் மோடில் (பயனர் கணக்கு உருவாக்கும் முன்பே உள்ளே நுழையும் நிலை) எல்லாவற்றையும் நிறுவி, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்ப்ரெப் கருவியை ஓட்டி, அந்த டிஸ்க்கையே இமேஜாகப் பிடிப்பது. பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு அது பழக்கமான வழி. உங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. பிரவுசரும் பிடிஎஃப் மென்பொருளும் விண்டோஸை விட வேகமாகப் பழசாகின்றன. இமேஜுக்குள் போன பிறகு அவற்றை மாற்ற மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு ஸ்டோர் செயலி ஒரு பயனருக்கு மட்டும் அப்டேட் ஆகியிருந்தாலே சிஸ்ப்ரெப் நின்றுவிடும். அதை விட, விண்கெட் என்ற மென்பொருள் நிறுவும் கட்டளைக் கருவியில் உங்கள் மென்பொருள் பட்டியலை ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, நிறுவி முடித்ததும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். நெட் மெதுவாக இருக்கும் இடம் என்றால், நிறுவல் கோப்புகளைப் பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து, அமைதியாக நிறுவும் தேர்வோடு வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் (batch) கட்டளைக் கோப்பு போதும். புது வெர்ஷன் வந்தால் அந்த ஒரு கோப்பை மாற்றினால் வேலை முடிந்தது.

நிறுவும்போது வரும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்ல, 'ஆட்டோஅன்அட்டெண்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பை வட்டின் மேல்தளத்தில் வைக்கலாம். மொழி, நேர மண்டலம், பயனர் பெயர் எல்லாம் அதில் போகும். பதினைந்து முறை அதே கேள்விகளுக்குப் பதில் தட்டுவது மிச்சம். இரண்டு விஷயங்களை மட்டும் அதில் எழுதாதீர்கள். ஒன்று, முக்கியமான கடவுச்சொல். அந்தக் கோப்பில் கடவுச்சொல்லை மறைத்து எழுதினாலும் அது வெறும் உருமாற்றம்தான், பென் டிரைவ் யார் கையில் கிடைத்தாலும் வாசித்துவிடலாம். இன்னொன்று, டிஸ்க்கைத் தானாக அழித்துப் பிரிக்கும் அமைப்பு. அதை வைத்த பென் டிரைவ் தவறுதலாக வேறு கணினியில் செருகியபடி இருந்து, அந்தக் கணினி அதிலிருந்து எழுந்துவிட்டால், யாரையும் கேட்காமல் டிஸ்க்கைத் துடைத்துவிடும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை மட்டும் கையால் அழுத்தும்படி இருக்கட்டும். அந்தப் பத்து வினாடியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடைசிப் படி, பென் டிரைவாக்குவது. பயாஸின் புதிய வடிவமான யூஎஃப்ஐ உள்ள கணினிகள் எழுவதற்கு ஃபேட்32 வடிவம்தான் எங்கும் நம்பகமானது, ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. அப்டேட் சேர்ந்த 'இன்ஸ்டால்.விம்' அநேகமாக அதைத் தாண்டியிருக்கும். டிஸ்மின் ஸ்ப்ளிட் கட்டளையால் 3800 எம்பி துண்டுகளாகப் பிரித்தால் .எஸ்டபிள்யூஎம் கோப்புகள் கிடைக்கும். அவற்றை சோர்சஸ் ஃபோல்டரில் வைத்துப் பெரிய விம்மை எடுத்துவிடுங்கள், செட்டப் அதைத் தானே புரிந்துகொள்ளும். பிறகு எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் போதும், தனியாக பூட் வேலை எதுவும் தேவையில்லை. ஐஎஸ்ஓவாகவே வேண்டும் என்றால் ஏடிகேயில் வரும் ஓஎஸ்சிடிஐஎம்ஜி கருவி. அதில் பயாஸுக்கு ஒன்று, யூஎஃப்ஐக்கு ஒன்று என்று இரண்டு பூட் கோப்புகளையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதிக் கணினிகளில் எழாது. செக்யூர் பூட் கெட்டுவிடுமா என்று பயப்பட வேண்டாம். அது சரிபார்ப்பது பூட் கோப்புகளின் கையொப்பத்தை, விம்முக்குள் அப்டேட் சேர்ப்பது அதைத் தொடுவதில்லை.

செய்த வட்டை நேராகக் கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) முழுதாக நிறுவுங்கள். நிறுவியதும் வின்வெர் ஓட்டி, பில்ட் எண் நீங்கள் சேர்த்த அப்டேட்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் அப்டேட்டை அழுத்தி, புதிதாக ஒன்று இறங்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

லினக்ஸில் செய்யலாம், ஆனால் தேவை குறைவு. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நெட் நிறுவல் வட்டு சிறியது. நிறுவும்போதே பொதிகளை நெட்டிலிருந்து எடுப்பதால் நிறுவி முடித்த கணினி அன்றைய நிலையிலேயே இருக்கும். நெட் இல்லாத இடத்துக்கு வேண்டும் என்றால் டெபியனுக்கு லைவ்-பில்ட், உபுண்டுவுக்கு கியூபிக் என்ற கருவிகள் உண்டு. கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்ல டெபியனில் ப்ரிசீட், ஃபெடோராவில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால். கையாலேயே செய்தால், லினக்ஸ் முழுவதும் சுருங்கி இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை விரித்து, சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைந்து, அப்டேட் செய்து, திரும்பச் சுருக்க வேண்டும். அப்போது புது கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) ஏறியிருந்தால் அதையும் அது எழ உதவும் இனிட்ஆர்டி கோப்பையும் வெளியே உள்ள பூட் ஃபோல்டருக்கு நகலெடுக்க மறக்காதீர்கள். வெளியே பழைய கெர்னல், உள்ளே புது மாட்யூல்கள் என்றால் வட்டு பாதியில் நின்றுவிடும். மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதினைந்து கணினிகளும் ஒரே அடையாளத்தோடு திரியும்.

விண்டோஸ் வட்டை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது என்பதற்கு நிலையான விதி இல்லை. நான் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அசல் ஐஎஸ்ஓவிலிருந்தே தொடங்குவேன், போன முறை செய்ததன் மேல் அடுத்ததை ஏற்ற மாட்டேன். கட்டளைகள் எல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் இருப்பதால் அது சுமையாகத் தெரிவதில்லை. எந்த ஐஎஸ்ஓ, எந்த கேபி எண்கள், எந்த டிரைவர், எந்தத் தேதி என்று ஒரு உரைக்கோப்பு எழுதி அதே பென் டிரைவில் போட்டு வைப்பேன்.

இப்போது உங்கள் நவம்பர் பென் டிரைவுக்கு வருகிறேன். அது 24எச்2 ஆக இருந்தால் இனி அதைப் பயன்படுத்தாதீர்கள். 2024 அக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை வந்த பாதுகாப்பு அப்டேட்டுகளைச் சேர்த்துச் செய்த சிடி, பென் டிரைவ் வட்டுகளால் 24எச்2 நிறுவினால், அந்தக் கணினி அதற்குப் பிறகு வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஏற்க முடியாத நிலையில் சிக்கிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. சோதிக்கும்போது விண்டோஸ் அப்டேட்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். விண்டோஸ் அப்டேட் வழியாக அதே அப்டேட் ஏறிய கணினிகளுக்கு இந்தக் கோளாறு இல்லை, வட்டு வழியாக நிறுவியவற்றுக்கு மட்டும்தான். 2024 டிசம்பர் 10-இலோ அதற்குப் பிறகோ வந்த அப்டேட் சேர்ந்த வட்டில் இந்தப் பிரச்சினை கிடையாது. அந்தப் பென் டிரைவால் ஏற்கெனவே ஏதாவது கணினியில் நிறுவியிருந்தால், அதில் அப்டேட் வரலாற்றைத் திறந்து பாருங்கள். மாத அப்டேட்டுகள் நிறுவிய நாளிலேயே நின்றுபோயிருந்தால், புதிய ஐஎஸ்ஓவை விண்டோஸுக்குள்ளிருந்தே திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வோடு மேலேயே நிறுவிப் பாருங்கள். முக்கியமான கோப்புகளை அதற்கு முன்பு வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.